விரலை எடுக்காதே, தம்பி!

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில், மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசித்துக் காட்டிய இடங்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளன.)



செயலாளர் போனில் கூப்பிட்டபோது, "இருபது நிமிஷம் தர்றேன், எதைப் பத்தி வேணும்னாலும் பேசு. பென்ஷனைப் பத்தியும் சர்க்கரை வியாதியைப் பத்தியும் மட்டும் பேசாதே" என்றார். பென்ஷனைப் பற்றிப் பேசப்போவதில்லை. சர்க்கரை கொஞ்சம் வரும், மன்னிக்கவும்.

நான் பேசப்போவது கிட்டாரில் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு எப்படிப் போவது என்பதைப் பற்றி. "இதைக் கேட்கவா பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்தோம்?" என்று சிலர் முகத்தில் தெரிகிறது. இதே ஹாலில், இதே மேடையில், 1985 கல்லூரி நாளன்று ஒரு விபத்து நடந்தது. உங்களில் சிலர் அன்று கீழே உட்கார்ந்து ஊளையிட்டவர்கள். அதற்குக் காரணம் ஒரே ஒரு சுரம். அதை 40 வருஷமாக நான் வெளியே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் எழுந்து போய்விடுவார்.

எங்கள் கோஷ்டியில் மூன்றே பேர். ஒருவர் பாட்டு, ஒருவர் பாங்கோஸ், நான் கிட்டார். கிட்டார் கல்கத்தாவில் செய்தது, இரண்டாம் கையாக வாங்கியது. அந்தக் காலத்தில் கிட்டார் பைத்தியம் பிடிக்காத பையன் ஊரில் குறைவு. அதற்குக் காரணம் இளையராஜா. 1980-ல் வந்த 'மூடுபனி' அவருக்கு நூறாவது படம். அதில் கிட்டாரை மடியில் வைத்துப் பாடுகிற பாட்டு ஒன்று. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை'. அதில் வருகிற நிலாப் பாட்டில் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டியவர் ஆர். சந்திரசேகர். அந்த ஆரம்பத்தை வாசிக்க முயன்று விரல் நுனி காய்த்துப்போனவர்கள் இந்த ஹாலில் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறோம். இளையராஜாவே கிட்டார்க்காரர்தான். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். எங்களுக்குத் தன்ராஜ் மாஸ்டர் கிடைக்கவில்லை. 40 பக்க நோட்டு ஒன்றுதான் கிடைத்தது. யாரோ யாரிடமோ வாங்கிக் காப்பி அடித்த கார்டு படங்கள். கட்டம் போட்டு, புள்ளி வைத்து. எந்தக் கம்பியில் எந்த விரல் என்று அதில் இருக்கும். ஒரு புள்ளிக்கூட்டத்திலிருந்து அடுத்த புள்ளிக்கூட்டத்துக்கு எப்படிப் போவது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆகவே நாங்கள் குதித்தோம். ஐந்து விரலையும் கழுத்திலிருந்து எடுத்து, காற்றில் ஒருமுறை தடுமாறி, அடுத்த இடத்தில் போய் விழுவது. இன்றைக்குப் பையன்கள் செல்போனில் பார்த்துப் படிக்கிறார்கள். படம் கலரில் இருக்கிறது. ஆனால் அவர்களும் குதிக்கத்தான் குதிக்கிறார்கள், பார்க்கிறேன்.

இங்கே கிட்டார் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் ஒரு சின்ன கணக்கு சொல்கிறேன். கார்டு என்றால் குறைந்தது மூன்று சுரம் சேர்ந்து ஒலிப்பது. சி என்ற சுரத்தை நம் 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கராபரணத்து சுரங்கள், வேறு எதுவும் வேண்டாம். சி மேஜர் என்றால் ச, க, ப. ஏ மைனர் என்றால் த, ச, க. எஃப் மேஜர் ம, த, ச. ஜி மேஜர் ப, நி, ரி. அவ்வளவுதான்.

இப்போது முதல் இரண்டையும் பாருங்கள். ச, க, ப. த, ச, க. இரண்டு சுரம் பொது. மாறுவது ஒன்றே ஒன்று, 'ப' போய் 'த' வருகிறது. கிட்டாரிலும் அப்படியே. சி மேஜரில் சுட்டுவிரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் நாலாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட். ஏ மைனருக்குப் போக சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் இருக்கலாம். மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பிக்கு வந்தால் போதும். (வாசிக்கிறார்.) கேட்டீர்களா? ஓசை உடையவில்லை. வீட்டில் விளக்கு அணையாமல் ஒரு ஆள் மட்டும் அறை மாறின மாதிரி.

நானோ மூன்று விரலையும் எடுத்துவிட்டு மூன்றையும் வைப்பேன். இரண்டு விரல் வெளியே போய் உலாத்திவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்காரும்.

சரி, 1985-க்கு வருவோம். மெல்லிசைப் போட்டியில் அந்த வருஷம் 'சொந்த மெட்டு' என்று ஒரு பிரிவு வைத்தார்கள். நண்பர் ஒரு மெட்டுப் போட்டார். அவருக்கு ஒரு கார்டு பெயர்கூடத் தெரியாது, காது மட்டும் உண்டு. பாட்டின் கடைசி வரியில் ஒரு வேலை செய்திருந்தார். மேல் 'ச'-வைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். கீழே நான் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நாலு கார்டு மாற்ற வேண்டும். ஜி வரும்போதும் இரண்டு தாளம் 'ச'-விலேயே நின்று, பிறகு 'நி'-க்கு இறங்கி, மறுபடி 'ச'-வில் ஏறி முடிப்பார்.

முதல் மூன்று கார்டிலும் 'ச' இருக்கிறது, கவனித்தீர்களா? நிற்கிற சுரம் ஒன்றுதான், ஆனால் அதன் உறவு மாறிக்கொண்டே போகிறது. சி-யில் அது ஆதாரம், ஏ மைனரில் மூன்றாம் இடம், எஃப்-இல் ஐந்தாம் இடம். ஒரே ஆள் ஒரு வீட்டில் மகன், ஒரு வீட்டில் மாப்பிள்ளை, ஒரு வீட்டில் மாமன். தம்புராவை வைத்துக்கொண்டு வளர்ந்த காது நம்முடையது. ஒரு சுரம் நிற்க, மற்றது நகர்வது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகார உரைகளிலேயே நரம்புகளின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நண்பருக்கு அந்தக் காது இயல்பாக இருந்தது.

நாலாவது கார்டில்தான் வம்பு. ப, நி, ரி. அங்கே 'ச' கிடையாது. 'ச'-வுக்கு ஒட்டினாற்போலக் கீழே இருக்கிற 'நி' இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் பல் கூசும்.

ஒத்திகையில் இந்த வம்பு ஒருநாளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. எஃப் கார்டு இருக்கிறதே, அது கிட்டார் கற்பவர்களுக்கு எமன். சுட்டுவிரலைப் படுக்கப் போட்டு எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டும். அதிலிருந்து ஜி-க்குப் போக எனக்கு இரண்டு தாளம் பிடிக்கும். நான் எஃப்-ஐ விட்டு ஜி-க்குத் தாமதமாக வந்து சேர்கிற நேரமும், நண்பர் 'நி'-க்கு இறங்குகிற நேரமும் சரியாக இருக்கும். என் விரல் மந்தம்தான் பாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது!

போட்டிக்கு முந்தின ராத்திரி எனக்கு ரோஷம் வந்தது. மேடையில் தாமதமாகப் போகக் கூடாது என்று விடிய விடிய எஃப், ஜி, எஃப், ஜி என்று சாதகம் செய்தேன். வீட்டில் அப்பா எழுந்து வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார். இருட்டிலேயே வாசித்தேன். மறுநாள் மேடையில், அந்தக் கடைசி வரியில், தாளம் விழுந்த நொடியில் கன கச்சிதமாக ஜி-யை அடித்தேன்.

(வாசித்து, மேலே 'ச' பிடித்துக் காட்டுகிறார். சபையில் சிரிப்பு.)

இப்படித்தான் இருந்தது. நண்பர் திடுக்கிட்டார். தாம்தான் தவறிவிட்டோம் என்று நினைத்துக் குரலைக் கீழே தள்ளினார். 'ச'-வும் இல்லாமல் 'நி'-யும் இல்லாமல் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. குரல் உடைந்தது. பின்வரிசை ஊளையிட்டது. நடுவர் மைக்கில், "மெட்டு நன்றாக இருக்கிறது, பாடகருக்குச் சுருதி சுத்தம் போதாது" என்றார். நண்பர் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. வகுப்பில் டெஸ்க் தட்டிக்கூடப் பாடவில்லை.

நானும் அப்போது நடுவர் சொன்னதைத்தான் நம்பினேன். "விடுறா மாப்ளே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தோளில் தட்டினேன். பெரிய மனுஷன்!

இரண்டு மாதம் கழித்து எனக்கு உண்மை தெரிந்தது. சம்பா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா வரைக்கும் போய்வந்த சொல்தா. தெருவில் எல்லோரும் அவரை 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். கோயில் பாடற்குழுவைப் பழக்குகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கிட்டார் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வாசித்ததை ஐந்து நிமிஷம் கேட்டார்.

"ஏன் தம்பி, உன் கை தவளை மாதிரி குதிக்குது?"

"கார்டு மாத்தணுமே, முசே."

"கார்டை மாத்து. விரலை ஏன் எடுக்குறே? எது மாறலையோ அதை முதல்ல பாரு."

பிறகு பாடற்குழுவைப் பாடச் சொல்லி, என்னை ஆல்டோ பாடுகிற பெண்கள் பக்கத்தில் நிற்கவைத்தார். மேலே சொப்ரானோ ஏறி இறங்குகிறது, கீழே பேஸ் படி தாண்டுகிறது, இந்த அம்மாக்கள் பாதி நேரம் ஒரே சுரத்தில் நிற்கிறார்கள்! அவர்களுக்கே அதில் அலுப்புதான். ஆனால் அவர்கள் நகர்ந்தால் பாட்டு ஆடிப்போகும். இரண்டு கார்டுக்கும் பொதுவான சுரம் இருந்தால், எந்தக் குரல் அதைப் பாடுகிறதோ அதே குரலிலேயே அதை வைத்திரு என்பது ஐரோப்பிய இசைப் பாடத்தில் ஆரம்பப் பாடம். பிரெஞ்சில் 'நோத் கொம்யூன்' என்று முசே சொல்வார். பொதுச் சுரம். கார்டுகளைப் பற்றிய சிந்தனைக்கு அடித்தளம் போட்ட ரமோவின் நூல் பாரிஸில் அச்சானது 1722-ல். அப்போது நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு 13 வயது. இத்தனை வருஷம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இது எனக்குத் தெரிய 1985 ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் முசேயிடம் கல்லூரி நாள் கதையைச் சொன்னேன். மெட்டைப் பாடிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "பையன் சரியாப் பாடியிருக்கான். பழைய கார்டுல இருக்கிற சுரத்தைப் புதுக் கார்டுக்குள்ள கொண்டுபோய், கொஞ்சம் நிக்கவெச்சு, அப்புறம் இறக்கியிருக்கான். பெரிய பெரிய ஆளுங்க செய்யற வேலை. நீதான் கதவை அவன் மூஞ்சியில சாத்திட்டே" என்றார். ஜி மேஜருக்குப் பதில் ஜி சஸ் ஃபோர் என்று ஒரு கார்டு. ப, ச, ரி. 'நி' இருக்க வேண்டிய இடத்தில் 'ச' இருக்கும். இரண்டு தாளம் அதை வைத்து, பிறகு 'ச'-வை எடுத்து 'நி'-யை விட்டால் முடிந்தது. ஒரு விரலை வைத்து எடுக்கிற வேலை.

மறுநாளே நண்பர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நம்மை நல்ல கிட்டார்க்காரன் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு பரீட்சை, பிறகு வேலை, பிறகு கல்யாணம். அவர் கல்யாணத்தில் நான் பந்தியில் பரிமாறினேன். சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற விஷயமா இது என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடுவது ருசி கண்ட பழக்கம்.

இப்போது சர்க்கரை வருகிறது. 2021-ல் என் இடது கை மோதிர விரல் மடங்கினால் நிமிராமல் போனது. நிமிர்த்தினால் 'டக்' என்று துப்பாக்கி விசை மாதிரி விடுபடும். அதனாலேயே 'ட்ரிக்கர் ஃபிங்கர்' என்று பெயர். விரலை இழுக்கிற நரம்புக்கயிறு ஓடுகிற உறை வீங்கி இறுகிப்போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் சரியானது, மறுபடி வந்தது. எஃப் கார்டாவது ஒன்றாவது, சி மேஜரே பிடிக்க முடியவில்லை. கிட்டாரைப் பீரோ மேல் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் பேரன், "தாத்தா, ஜாங்கோன்னு ஒருத்தர், ரெண்டே விரல்ல வாசிச்சாராமே" என்றான். ஜாங்கோ ரெயின்ஹார்ட், பெல்ஜியத்தில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்தவர். 1928-ல் வண்டிவீடு தீப்பிடித்து இடது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் வெந்து சுருங்கிவிட்டன. மீதி இரண்டு விரலால் உலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி தனி வாசிப்பு வாசித்தார். "அவருக்கு 18 வயசுடா, எனக்கு 58" என்றேன். கிட்டார் பீரோ மேலேயே இருந்தது.

பிறகு ஒரு ஜூன் 21. பிரான்ஸில் 1982-ல் ஆரம்பித்த இசை விழா நம் ஊரிலும் அந்த நாளில் நடக்கும், தெரியுமல்லவா? கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கல்லூரிப் பையன் இங்கிலீஷ் பாட்டு ஒன்று வாசித்தான். ஒயாசிஸ் குழுவின் 'ஒண்டர்வால்', 1995-ல் வந்தது. நான் பாட்டைக் கேட்கவில்லை, அவன் கையைப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் கீழ் இரண்டு கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் ஆணி அடித்த மாதிரி நிற்கின்றன. மற்ற இரண்டு விரல் மட்டும் மேலே நகர்கிறது. கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அந்த இரண்டு சுரம் எல்லாவற்றிலும் ஒலிக்கிறது. "எது மாறலையோ அதை முதல்ல பாரு" என்று முசே பின்னால் நின்று சொன்ன மாதிரி இருந்தது. அவர் போய் வெகுகாலம் ஆகிறது.

வீட்டுக்குப் போய்க் கிட்டாரை இறக்கினேன். ஒரு தாளில் அந்த நாலு கார்டையும் சுரமாக எழுதி, பொதுவான சுரத்தைச் சுழித்தேன். மாணவர்கள் இதைச் செய்து பாருங்கள், கட்டப் படத்தைவிட இது உதவும். பிறகு மோதிர விரல் இல்லாமல் தேட ஆரம்பித்தேன். பத்து நாள் ஆனது. கிடைத்ததைக் காட்டுகிறேன்.

சுட்டுவிரல் இரண்டாம் கம்பி, முதல் ஃப்ரெட். அதுதான் 'ச'. இதை எடுக்கவே போவதில்லை. நடுவிரல் நாலாம் கம்பி, இரண்டாம் ஃப்ரெட். நாலாம் கம்பியிலிருந்து கீழே மட்டும் மீட்டினால் சி மேஜர். (வாசிக்கிறார்.) விரலை அசைக்காமல் ஐந்தாம் கம்பியைச் சும்மா சேர்த்து மீட்டினால் ஏ மைனர் செவன்த். (வாசிக்கிறார்.) பார்த்தீர்களா, ஒரு விரலும் நகரவில்லை! அடுத்து எஃப். எமன் வேண்டாம், எஃப் மேஜர் செவன்த் போதும். நடுவிரல் மூன்றாம் கம்பிக்கு வரட்டும், சுண்டுவிரல் நாலாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட். சுட்டுவிரல் அங்கேயே. (வாசிக்கிறார்.) இப்போது நடுவிரலை எடுத்துவிட்டு, சுண்டுவிரலை முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுவந்தால் ஜி சஸ் ஃபோர். சுட்டுவிரல் இன்னும் அங்கேயே! இரண்டு தாளம். இப்போதுதான் சுட்டுவிரலை எடுக்கிறேன். திறந்த கம்பி 'நி' என்கிறது. அது ஜி மேஜர். (வாசிக்கிறார். கைதட்டல்.)

மூன்று விரல். கை சரியில்லை என்பதால் கிடைத்தது. கை சரியாக இருந்திருந்தால் இன்னும் தவளைதான்.

இதை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பிகளே. எஃப்-க்கும் ஜி-க்கும் பொதுச் சுரமே கிடையாது. ஜி-யோடு ஒரு 'ம' சேர்த்து ஜி செவன்த் ஆக்கினால் ஒரு பாலம் கிடைக்கும், முதல் கம்பியில் முதல் ஃப்ரெட் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். ஆனால் சில பாட்டுக்குப் பாலம் வேண்டாம், குதிதான் வேண்டும். டப்பாங்குத்துக்கு ஆல்டோ அம்மாக்களைக் கூப்பிட முடியாது. காதைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன்.

மூன்றாவது வரிசை நண்பரே, 1985-ல் உமக்குச் சுருதி போகவில்லை. நான்தான் தப்பான கார்டை அடித்தேன். அது எனக்கு அந்த வருஷம் டிசம்பரிலேயே தெரியும். கடைசி வரிக்கு மட்டும் வாரும். சி-யில்தான் இருக்கிறேன், மாற்றவில்லை. நீர் 'ச'-வில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லும். நீர் இறங்குகிற வரைக்கும் இந்த விரலை நான் எடுக்க மாட்டேன்.

பாங்கோஸ் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையா, டெஸ்க் போதும்.

வாடா, மாப்ளே.